கல்கத்தாவைக் காட்டுவது எப்படி?

டிசம்பர் மாதம் பிறந்தால் நம் விடுதியில் ஒரு கவலையும் உடன் பிறக்கிறது. அது தேர்வைப் பற்றிய கவலை அன்று. தேர்வுக் கவலை ஆண்டு முழுவதும் உள்ளது. “ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அத்தையும் மாமாவும் கூட வருகிறார்கள். மூன்று நாள் இருப்பார்கள். எதைக் காட்டுவது?” என்பதுதான் அந்தக் கவலை.

பெரும்பாலும் நாம் செய்வது என்ன? காலையில் ஒரு வாடகை வண்டியை அமர்த்துகிறோம். காளிகட்டத்தில் இடிபட்டுத் தரிசனம். விக்டோரியா மண்டபத்தின் முன் ஒரு படம். ஹௌரா பாலத்தின் மேல் ஒரு பயணம். நியூ மார்க்கெட்டில் நான்கு புடவை. மாலையில் கால் வலியோடு அறைக்குத் திரும்புகிறோம். ஊருக்குப் போனபின் அவர்கள் அண்டை அயலாரிடம் சொல்வது, “பெரிய ஊர்தான், ஆனால் ஒரே நெரிசல்” என்பது. ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் ரயிலில் வந்தவர்கள் இந்த ஒரு வாக்கியத்தோடு திரும்ப வேண்டுமா?

குறை ஊரிடம் இல்லை. காட்டும் முறையில் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் நம்மில் பலருடைய நிலையும் அதுவேதான். விடுதி, வகுப்பு, ஆய்வுக்கூடம், ஞாயிற்றுக்கிழமை லேக் மார்க்கெட்டில் இட்டலி என்னும் நான்கு சுவர்களுக்குள் மூன்று ஆண்டுகளைக் கழிக்கிறோம். பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு ரயில் ஏறுகிறோம். பார்க்காத ஊரைப் பிறருக்கு எப்படிக் காட்ட முடியும்?

நான் இங்கு வந்து ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. என் வீட்டாருக்கும் நண்பர்களின் வீட்டாருக்குமாகப் பல முறை வழிகாட்டியாகச் சென்றிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் நான் கண்ட முறையை இங்கே எழுதுகிறேன். 2001ஆம் ஆண்டு முதல் இந்நகரின் பெயர் முறைப்படி கொல்கத்தா. எனினும் நம் பாட்டிமார் வாயில் பழகிய கல்கத்தா என்ற பெயரையே இக்கட்டுரையில் வழங்குகிறேன், வாசகர் பொறுத்தருள்க.

கடல் எங்கே?

சென்னையிலிருந்தும் நாகையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வருகிறவர்கள் கேட்கும் முதற் கேள்வி இதுதான். “துறைமுகப் பட்டினம் என்றாயே, கடற்கரை எங்கே?” என்பார்கள். கல்கத்தாவில் கடற்கரை இல்லை. கடல், ஆற்றுவழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. அங்கிருந்து கப்பல்கள் ஹூக்ளி ஆற்றின் வழியாக ஊருக்குள் ஏறி வருகின்றன. கடல் இங்கு வருவதில்லையே தவிர, கடலின் மூச்சு வருகிறது. ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றத்தின்போது இந்த ஆறு வடக்கு நோக்கிப் பாய்கிறது. படித்துறையில் அமர்ந்து, மிதந்து செல்லும் ஆகாயத்தாமரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். காலையில் தெற்கே சென்ற செடி, பின்னொரு வேளையில் வடக்கே செல்வதைக் காணலாம். என் மாமா இதைக் கண்டு ஒரு மணி நேரம் எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

கல்கத்தாவின் கதை முழுவதும் இந்த ஆற்றில் அடங்கியிருக்கிறது. ஆறு துறைமுகத்தை ஆக்கும். அதே ஆறு வண்டல் கொணர்ந்து துறைமுகத்தை அழிக்கவும் செய்யும். நமக்கு இது புதிய செய்தி அன்று. பாண்டியரின் முத்துத் துறையாகிய கொற்கை, தாமிரபரணியின் வண்டலால் கடலைவிட்டு விலகி, இன்று வயல் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது அன்றோ? வங்கத்திலும் அப்படியே. முன்னாளில் தாம்ரலிப்தி பெருந்துறையாக விளங்கியது, அது தூர்ந்தது. பின்னர்ச் சப்தகிராமம் எழுந்தது. சரஸ்வதி என்ற கிளையாறு வற்றியதும் அதுவும் தளர்ந்தது. அதன்பின் ஹூக்ளிக் கரைக்கு வாணிகம் நகர்ந்து, முடிவில் கல்கத்தா எழுந்தது. இந்தத் துறைமுகத்துக்கும் வண்டல் ஆபத்து வந்தபோது, கங்கையின் நீரைத் திருப்பி ஆற்றைக் கழுவுவதற்காக 1975ஆம் ஆண்டில் பராக்கா அணை செயற்படத் தொடங்கியது. பெரிய கப்பல்களுக்காகக் கடலுக்கு அருகில் ஹால்தியாத் துறை அமைந்தது.

இந்த ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு ஊரைக் காட்டத் தொடங்குங்கள். காணும் ஒவ்வொன்றும் அதனோடு தானே வந்து பொருந்தும். ஆகவே என் முறை இதுதான்: கல்கத்தாவை ஆற்றிலிருந்து காட்ட வேண்டும்.

முதல் நாள்: ஆறும் களிமண்ணும்

விடியற்காலை ஆறு மணிக்கு மல்லிக் படித்துறைக்குச் செல்லுங்கள். நாம் படித்துறை என்பதை வங்காளிகள் ‘காட்’ என்பார்கள். ஹௌரா பாலத்தின் கீழே, கல்கத்தாக் கரையில், மொத்த விலைப் பூச்சந்தை கூடுகிறது. துலுக்கச் சாமந்திச் சரங்கள் வடம் வடமாகத் தோளில் தொங்க ஆட்கள் விரைகிறார்கள். காளிக்கு உரிய செம்பருத்தி கூடை கூடையாக இருக்கிறது. தாமரையும் நிலசம்பங்கியும் வந்து குவிகின்றன. நம் பெண்டிர் நாரால் பூத்தொடுப்பார்கள். இங்கே பெரும்பாலும் ஊசியால் கோக்கிறார்கள். அம்மாவை அழைத்துச் சென்றால் இதை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. அவரே உங்களுக்குச் சொல்வார். வழி சேறாக இருக்கும்; சுமைகாரர்க்கு ஒதுங்கி நிற்க வேண்டும்.

அங்கிருந்து தலைநிமிர்ந்தால் பாலம் தெரியும். 1943ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்ட இப்பாலத்துக்கு ஆற்றின் நடுவே தூண் இல்லை. இரண்டு பெருங்கோபுரங்களுக்கு இடையே 1,500 அடி. ஏறத்தாழ 26,500 டன் எஃகு கொண்டு கட்டிய இதில் மரையாணியே கிடையாது. எல்லாம் அறைந்து இறுக்கிய தறையாணிகள். 1965இல் ரவீந்திர சேது என்று பெயர் சூட்டினார்கள். ஆயினும் ஹௌரா பாலம் என்றால்தான் வண்டிக்காரருக்கு விளங்கும். பாலத்தை அதன்மேல் சென்று பார்ப்பதைவிட, நீரிலிருந்து பார்ப்பதே அழகு. ஆகையால் ஹௌரா படித்துறையில் பயணப் படகு ஏறி, வடக்கே ஷோபாபஜார்ப் பக்கம் செல்லுங்கள். சில ரூபாய்க் கட்டணத்தில் இதைவிட நல்ல காட்சி இந்நகரில் வேறில்லை.

ஷோபாபஜாரில் இறங்கினால் குமர்துலி அருகில் இருக்கிறது. குமர்துலி என்பது குயவர் சேரி. குறுகிய சந்துகளில், மூங்கிலும் வைக்கோலும் கொண்டு கட்டிய உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மேல் ஆற்றுக் களிமண்ணைப் பூசி, உலர்த்தி, வண்ணம் தீட்டி, கடைசியில் கண் திறக்கிறார்கள். நாம் செல்லும் குளிர்காலத்தில் சரஸ்வதி பூசைக்கான உருவங்கள் உருவாகிக்கொண்டிருக்கும். துர்க்கை பூசைக்கு முந்திய மாதங்களில் சென்றால் நடக்கவும் இடம் இருக்காது. கல்கத்தாவின் துர்க்கை பூசையை 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இங்கே விருந்தினரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “நம் ஊரில் கோயிலைக் கல்லில் கட்டினார்கள், ஆயிரம் ஆண்டு நிற்கிறது. இவர்கள் ஏன் ஆண்டுதோறும் மண்ணில் செய்து ஆற்றில் கரைக்கிறார்கள்?” பக்தி வேறுபாடு மட்டும் காரணம் அன்று. வங்கம் ஆறு கொணர்ந்த வண்டலால் ஆன நாடு. தோண்டினாலும் கல் கிடைப்பது அரிது. ஆதலின் இங்குள்ள கைவினைஞர்க்கு மண்ணே கல். பழைய கோயில்களும் செங்கல்லாலும் சுடுமண்ணாலும் ஆனவை. ஆற்றிலிருந்து எடுத்த மண்ணைத் தெய்வமாக்கிச் சில நாள் வணங்கி, மீண்டும் ஆற்றுக்கே தருகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்டு வளர்ந்த நமக்கு, இந்த வேறுபாடு சிந்திக்கத்தக்கது.

அன்று பிற்பகல் ஜோடாசாங்கோவில் உள்ள தாகூர் மாளிகைக்குச் செல்லலாம். ரவீந்திரநாதர் 1861இல் பிறந்ததும், 1941இல் கண்மூடியதும் அந்த வீட்டிலேயே. இரண்டு அறைகளையும் காணலாம்.

இரண்டாம் நாள்: பல்லாவரத்துக் கல்லும் பழைய நகரும்

கல் இல்லாத நாடு என்றேன். அதற்கு ஒரு சான்று நம் ஊரிலிருந்தே வந்திருக்கிறது. டல்ஹௌசிச் சதுக்கம் என்று முன்னாளில் வழங்கிய பி.பா.தீ. பாக் பகுதியில், 1787இல் கட்டி முடிந்த தூய யோவான் தேவாலயம் இருக்கிறது. அதன் தோட்டத்தில், எண்கோண மண்டபத்துக்குள் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கும்பெனி அதிகாரியின் கல்லறை உள்ளது. கல்லறைப் பலகை கருமை படர்ந்த உறுதியான கல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் ஹாலண்டு என்னும் நிலவியல் அறிஞர், சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் கிடைக்கும் பாறையை ஆராய்ந்தார். இக்கல்லறையின் கல்லும் அந்த இனமே என்று கண்டு, அப்பாறைக்குச் சார்னோகைட்டு என்று பெயரிட்டார். உலகெங்கும் நிலவியல் மாணவர் படிக்கும் அந்தப் பெயர், பல்லாவரத்துக் கல்லும் கல்கத்தாக் கல்லறையும் சேர்ந்து தந்த பெயர். தாம்பரம் ரயிலில் தினமும் பல்லாவரத்தைக் கடந்து சென்ற என் தந்தை, அந்தப் பலகையின் முன் நெடுநேரம் நின்றார்.

சார்னாக்குக்குச் சென்னையோடு வேறு உறவும் உண்டு. வங்கத்தில் மொகலாயரோடு கும்பெனிக்குப் பகை மூண்டபோது, அவர் சென்னைக் கோட்டைக்கு வந்து ஓராண்டுக்கு மேல் தங்கினார். அவருடைய பெண்மக்களுக்கு 1689இல் ஞானஸ்நானம் நடந்தது அக்கோட்டையிலுள்ள தூய மேரி தேவாலயத்தில். அங்கிருந்து புறப்பட்டு 1690 ஆகஸ்டு 24ஆம் நாள் சூதானுட்டி என்ற ஊரில் அவர் இறங்கினார். அந்த நாளையே கல்கத்தாவின் பிறந்த நாள் என்று நெடுங்காலம் கூறிவந்தனர். ஆனால் சூதானுட்டி, கலிகாதா, கோவிந்தபூர் என்னும் ஊர்கள் அவர் வருமுன்பே இருந்தவை. ஆகவே சார்னாக்கை நகரத்தைத் தோற்றுவித்தவராகக் கொள்ளலாகாது என்று கல்கத்தா உயர்நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. மக்கள் வாழ்ந்த ஊருக்குக் கும்பெனி அதிகாரி ஒருவர் இறங்கிய நாளைப் பிறந்த நாளாக்குவது பொருந்தாது என்பது நல்ல நீதிதான். 1639ஐச் சென்னையின் பிறப்பு என்று கொண்டாடும் நாமும் மயிலையையும் திருவல்லிக்கேணியையும் நினைத்துப் பார்க்கலாம்.

தேவாலயத்திலிருந்து நடக்கும் தொலைவில், 1868இல் எழுந்த பெரிய அஞ்சலகத்தின் வெண்குவிமாடமும், 1872இல் கட்டி முடிந்த உயர்நீதிமன்றத்தின் உயர்ந்த கோபுரமும் உள்ளன. 1772 முதல், தலைநகர் தில்லிக்கு மாறும் என்று 1911இல் அறிவிக்கும் வரையில், பிரிட்டிஷ் இந்தியாவை ஆண்ட அலுவலகங்கள் இருந்த பகுதி இது. ஞாயிறன்று காலையில் சென்றால் தெருக்கள் வெறிச்சென்று இருக்கும்; முதியவர்கள் நிதானமாக நடக்கலாம்.

பிற்பகலில் சௌரங்கியிலுள்ள இந்திய அருங்காட்சியகம். 1814இல் தொடங்கியது, நம் நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம் இதுவே. எகிப்து நாட்டு மம்மியைக் காணக் கூட்டம் முந்தும். நீங்கள் முதலில் பார்ஹுத் கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஈராயிரம் ஆண்டுக்கு முன் செதுக்கிய செந்நிறக் கல்வேலியில் புத்தரின் முற்பிறப்புக் கதைகள் உள்ளன. அவற்றின் அருகே சிறு எழுத்துகள் பொறித்திருக்கின்றன. அவை பிராமி எழுத்துகள். அவற்றை நினைவில் வைத்துக்கொண்டு, மாலையில் ஆற்றங்கரைக்கு வாருங்கள்.

அங்கே பிரின்சேப் படித்துறையில் வெண்தூண் மண்டபம் ஒன்று நிற்கிறது. திரைப்படங்களில் பலரும் பார்த்திருப்பார்கள். யாருக்காகக் கட்டியது என்று கேட்பவர் குறைவு. ஜேம்ஸ் பிரின்சேப், கல்கத்தா நாணயச் சாலையில் பணி செய்தவர். ஆசியக் கழகத்தின் செயலாளர். காசு, கல்வெட்டு, தூண் என்று கிடைத்தவற்றையெல்லாம் ஒப்பிட்டு ஒப்பிட்டு, 1837இல் பிராமி எழுத்தின் மர்மத்தை அவிழ்த்தவர் அவரே. அசோகன் யார் என்பது அதனால் உலகுக்குத் தெளிவாயிற்று. அவன் கல்வெட்டில் சோழரும் பாண்டியரும் பெயரோடு நிற்பதும் தெரியவந்தது. மதுரைக்கு அருகே மாங்குளம் குகையில் உள்ள தமிழ் எழுத்தைப் பின்னாளில் நம் அறிஞர் படிப்பதற்கும் அதுவே முதற்படி. கடும் உழைப்பால் உடல் நலிந்த பிரின்சேப் 1840இல் தமது நாற்பதாம் வயதில் மறைந்தார். அந்த மண்டபப் படியில் அமர்ந்து இதைச் சொன்னால், வெறும் தூண்களுக்கு உயிர் வந்துவிடும். பின்னர் நாட்டுப் படகு ஒன்றை அமர்த்தி, வித்தியாசாகர் சேதுவின் கீழே சூரியன் மறைவதைக் காணுங்கள். கட்டணத்தைப் படகில் ஏறுமுன் பேசி முடிப்பது நலம்.

மூன்றாம் நாள்: தட்சிணேசுவரமும் பேலூரும்

பெரியவர்கள் ஆவலோடு எதிர்பார்ப்பது இந்த நாளைத்தான். தட்சிணேசுவரம் வரை 2021 முதல் மெட்ரோ ரயில் செல்கிறது. கோயிலை 1855இல் கட்டியவர் ராணி ராசமணி. செல்வம் மிக்க ஜமீன்தாரணியாயினும், மேல்சாதியில் பிறவாதவர் என்பதால் அன்று பலருடைய எதிர்ப்புக்கு ஆளானவர். ஆற்றில் மீன் பிடிப்பதற்குக் கும்பெனி அரசு வரி விதித்தபோது, ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துச் சங்கிலியால் மறித்து, கப்பல்களை நிறுத்தி, மீனவருக்கு வழி பிறப்பித்தார் என்று கூறுவர். ராமகிருஷ்ணர் வாழ்ந்த சிறிய அறை கோயில் முற்றத்தின் ஓரத்தில் இருக்கிறது. அங்கு எப்போதும் சிலர் மௌனமாக அமர்ந்திருப்பார்கள்.

அங்கிருந்து பேலூருக்குச் சாலை வழியாகச் செல்லாதீர்கள்; படகில் செல்லுங்கள். நடு ஆற்றில் அம்மா கையை நீட்டிக் கங்கையைத் தொடட்டும். ஒரு சொம்பில் நீர் முகந்துகொள்ளவும் இதுவே ஏற்ற இடம். பேலூர் மடத்தின் பெரிய கோயில் 1938இல் திறக்கப்பட்டது. ஒரு பக்கம் பார்த்தால் இந்துக் கோயில், மற்றொரு பக்கம் தேவாலயம், வேறொரு பக்கம் மசூதி போலத் தோன்றும்படி அமைந்தது. விவேகானந்தர் 1893இல் சிகாகோவுக்குச் செல்வதற்குச் சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய இளைஞர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டினார்கள். அவர் 1897இல் திரும்பியபோது பாம்பனில் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். கல்கத்தாவின் புதல்வரை முதலில் அடையாளம் கண்டது நம் நாடு என்பதை அங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பிற்பகலில் எல்கின் சாலையிலுள்ள நேதாஜி இல்லம். 1941 ஜனவரியில் ஓர் இரவு, காவலர் கண்ணைக் கட்டிவிட்டுச் சுபாஷ் சந்திரபோசு வெளியேறிய வீடு அது. அன்று அவர் சென்ற காரும் அங்கே நிற்கிறது. அந்தப் பயணத்தின் முடிவில் மலேயாவிலும் சிங்கப்பூரிலும் அவர் நடத்திய படையில், ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழர் ஏராளம். உங்கள் ஊரிலும் பழைய ஐ.என்.ஏ. வீரரின் குடும்பம் ஒன்று இருக்கக்கூடும்.

விக்டோரியா மண்டபத்தை நான் மறக்கவில்லை. மாலை வெயிலில் அதன் தோட்டத்தில் உலாவலாம். தாஜ்மகாலுக்குக் கல் தந்த மக்ரானாச் சலவைக்கல்லால் ஆனது, 1921இல் திறந்தார்கள். அழகுதான். ஆனால் ஊரைக் கண்டபின் அதைக் காண்பது வேறு. அதை மட்டும் கண்டு திரும்புவது வேறு.

நம்மவர் நடந்த தெருக்கள்

நான்காவது நாள் கிடைத்தால் இதற்கென ஒதுக்குங்கள். திருச்சியில் பிறந்த சி. வி. இராமன் 1907இல் கணக்குத் துறை அதிகாரியாக இங்கு வந்தார். டிராமில் செல்லும்போது பௌபஜார்த் தெருவில் ‘இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம்’ என்ற பலகையைக் கண்டு இறங்கினார். பகலில் அலுவலகம், காலையிலும் இரவிலும் ஆராய்ச்சி என்று பத்தாண்டு உழைத்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928 பிப்ரவரி 28இல் கண்ட ஒளிச்சிதறலுக்கு 1930இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்கு உறுதுணையாக நின்ற கே. எஸ். கிருஷ்ணனும் தமிழ்நாட்டவரே. அக்கழகம் இப்போது ஜாதவ்பூரில் இயங்குகிறது.

வடக்கே பாக்பஜாரில், நிவேதிதா தேவி வாழ்ந்து, 1898இல் பெண்கள் பள்ளி தொடங்கிய சந்து இருக்கிறது. பாரதியார் அவரைக் கண்டு குருவாகக் கொண்டதும், 1908இல் தம் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலை அவருக்கே காணிக்கையாக்கியதும் நாம் அறிந்தவை. தெற்கே அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்தில் தமிழ் நூல்கள் பெருந்தொகையாக உள்ளன. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை அவர்களின் தொகுப்பும் அங்கேதான் இருக்கிறது. நம் மாணவர் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்திருக்கிறோம்?

ஹௌராப் பக்கம் சிவபூரில் 1787இல் அமைத்த தாவரத் தோட்டம் உண்டு. அங்குள்ள ஆலமரத்தின் தாய்மரம் நோயுற்றதால் 1925இல் அகற்றப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளே இன்று மரமாகி நிற்கின்றன. சென்னை அடையாற்று ஆலமரமும் 1989இல் தாய்மரம் சாய்ந்தபின் விழுதுகளால் வாழ்வது நினைவுக்கு வரும்.

உணவும் சில நடைமுறைகளும்

சைவ உணவினர் அஞ்ச வேண்டியதில்லை. ‘நிராமிஷ்’ என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொடுங்கள். புலால் அற்றது என்று பொருள். அதைச் சொல்லாமல் பருப்பு வாங்கினால், மீன்தலை போட்ட பருப்பும் வரக்கூடும். வங்காளிக்கு அது விருந்துச் சிறப்பு. காலையில் கச்சூரியும் உருளைக்கிழங்குக் கறியும், மாலையில் புச்கா, எந்நேரமும் இனிப்பு. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் புதிய பேரீச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷை மறவாதீர்கள். நம் ஊர்ப் பனைவெல்லத்தின் நெருங்கிய உறவினர் அது. கல்லூரித் தெருவில் பழைய புத்தகக் கடைகளைச் சுற்றியபின், காபி ஹவுஸில் ஏறி அமருங்கள். பால் விடாத காபிக்கு அங்கே ‘இன்ஃபியூஷன்’ என்று பெயர். கும்பகோணத்துக் காபி பழகியவர்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை செய்துவிடுங்கள். நான்காம் நாளில் ரசத்துக்கும் வாழை இலைக்கும் மனம் ஏங்கினால் லேக் மார்க்கெட்டு இருக்கிறது. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அங்கே குவிந்திருக்கும்.

திங்கட்கிழமை அருங்காட்சியகம், விக்டோரியா மண்டபம், தாகூர் மாளிகை ஆகியவற்றுக்கு விடுமுறை. அன்றைய நாளை ஆற்றுக்கும் கோயிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தட்சிணேசுவரம், பேலூர் இரண்டும் நண்பகலில் நடை சாத்தும்; காலையிலேயே சென்றுவிட வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வருவது நலம். கோரமண்டல் விரைவு வண்டி இப்போது ஹௌராவுக்கு வருவதில்லை, ஷாலிமாரில் நிற்கிறது. எதிர்கொண்டு அழைக்கச் செல்பவர் நிலையத்தை விசாரித்துச் செல்லவும். ஹௌராவிலிருந்து எஸ்பிளனேடு வரை ஆற்றின் கீழே சுரங்கத்தில் மெட்ரோ ரயில் 2024 மார்ச்சு முதல் ஓடுகிறது. ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடமே. மேலே படகிலும் கீழே ரயிலிலும் ஒரே நாளில் ஒரே ஆற்றைக் கடப்பது குழந்தைகளுக்குப் பெருமகிழ்ச்சி.

டிராமைப் பற்றி ஒரு சொல். 1873இல் குதிரை இழுத்து, 1902 முதல் மின்சாரத்தால் ஓடிய வண்டி அது. எஸ்பிளனேடு–மைதானத் தடத்தை மட்டும் நினைவுக்காக வைத்து, மற்றவற்றை நிறுத்திவிடப் போவதாக 2024இல் மாநில அரசு அறிவித்தது. இராமனை அந்தப் பலகையின் முன் இறக்கிவிட்ட வண்டியைப் பார்க்காமலே நாம் பட்டம் பெற்றுச் செல்வது முறையா? கொற்கையைப் போலவே, ஊர்களில் சில காட்சிகள் நமக்காகக் காத்திருப்பதில்லை.

நண்பர்களே! இந்நகரில் நாம் வழிப்போக்கர் அல்லர். சில ஆண்டுகளேனும் குடியிருப்போர். நம் வீட்டார் இங்கு வருவது கட்டடங்களைக் காண மட்டும் அன்று. தம் பிள்ளை எத்தகைய ஊரில், எத்தகைய மனிதரிடையே வாழ்கிறான், வாழ்கிறாள் என்று அறிந்து மனம் தேறவே வருகிறார்கள். பூக்காரரிடம் நான்கு வார்த்தை வங்காளியில் பேசி, படகோட்டியிடம் ஏற்றம் எப்போது என்று கேட்டு, கல்லறைக் கல்லின் ஊரைச் சொல்லி நாம் அழைத்துச் சென்றால், அவர்கள் கவலையின்றி ஊர் திரும்புவார்கள். அதற்கு நாம் முதலில் ஊரைக் கண்டிருக்க வேண்டும். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு மல்லிக் படித்துறையில் கூடலாம். சேற்றுக்கு அஞ்சாத செருப்பும், படகுக்குச் சில்லறையும் கொண்டுவருக!